மூன்றாவது வருடத்து மூச்சு

எல் ஆல்டோ,
ஜூலை மாதக் கடைசி ஞாயிறு.

அன்பு மகள் நில்டாவுக்கு அம்மா எழுதுவது.

நான் நலமாக இருக்கிறேன். இதை நீ நம்பமாட்டாய் என்று தெரியும், ஆனாலும் முதலில் அதைத்தான் எழுதுகிறேன், ஏனென்றால் அது உண்மை. நீயும் மாப்பிள்ளை ஹாவியரும் என் தங்கப் பேத்தி நைராவும் நலமாக இருக்க கார்மென் மாதா பார்த்துக்கொள்வாள், அவள் அசந்தாலும் நான் விடமாட்டேன். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் சொல்வதை நீ எங்கேயடி கேட்கிறாய், என் மூச்சைத்தானே எண்ணிக்கொண்டிருக்கிறாய். பேச்சுக்கு நடுவில் கொஞ்சம் நிறுத்தினால் போதும், அம்மாவுக்கு மூச்சு வாங்குது என்று அங்கே வாலென்சியாவில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிடுகிறாய், பிறகு நான் உன்னைத் தேற்றுவதிலேயே அந்தப் பேச்சு முடிந்துபோகிறது. கடிதத்தில் நான் எங்கே நிறுத்தினேன், எங்கே எழுந்துபோய் அடுப்பைப் பார்த்தேன் என்று உனக்குத் தெரியாது. உன் ஞானத்தாய் கசிமிராவின் மகன் அடுத்த வாரம் அங்கே வருகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். கூடவே ஒரு பை சுன்யோவும் வைத்திருக்கிறேன், இந்த ஜூன் பனியில் உறையவைத்துக் காயப்போட்ட நல்ல கருப்புக் கிழங்கு. ராத்திரியே ஊறப்போடு, போன தடவை மாதிரி அவசரத்தில் கல்லாக வேகவைத்து மாப்பிள்ளையின் பல்லை உடைக்காதே.

விஷயத்துக்கு வருகிறேன். நீ வாங்கின விமானச் சீட்டை கசிமிராவின் மருமகள் தன் போனில் காட்டினாள். செப்டம்பர் மாதம், போவதற்கு மட்டும். திரும்பி வருகிற சீட்டு அடுத்த பக்கத்தில் இருக்குமோ என்று விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கச் சொன்னேன், அடுத்த பக்கத்தில் பெட்டி எத்தனை கிலோ இருக்கலாம் என்பதுதான் இருந்தது. நீ போனில் என்ன சொன்னாய் என்பதும் எனக்கு மறக்கவில்லை. "மூணாவது வருஷமும் முடிஞ்சிருச்சு, இனிமே உனக்கு என்னம்மா சாக்கு இருக்கு?" என்று கேட்டாய். சாக்கா அது. நைரா ஏழாம் மாதத்திலேயே பிறந்து அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் மூக்கில் குழாயோடு படம் வந்ததே, அன்றைக்கு நான் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய், குழந்தை மூச்சுவிடட்டும், மூன்று வருடம் விடாமல் உன் திருவிழாவில் ஆடுகிறேன் என்று மாதாவிடம் நேர்ந்துகொண்டேன். மூச்சுக்குத் தவிப்பது எப்படி இருக்கும் என்று காற்று மெல்லிசான இந்த மலை ஊரில் பிறந்த எனக்குத் தெரியாதா. முதல் வருடம் ஆடினேன், குழந்தைக்குக் குழாயை எடுத்தார்கள். இரண்டாவது வருடம் ஆடினேன், நடக்க ஆரம்பித்தாள். மூன்றாவது வருடத்தை நான் எப்படி ஆடினேன் என்பதை மட்டும் நீ உன் ஃபௌஸ்டோ மாமா வாயால் கேட்டுவிட்டாய், அவன் பாதியைத்தான் சொல்லியிருப்பான். மீதியை நான் சொல்கிறேன். அதற்கு முன்னால் உன் கேள்விக்குப் பதில்: செப்டம்பரில் நான் வரப்போவதில்லை. இங்கேதான் இருப்பேன். இதைப் படித்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு அழாதே, முழுக்கப் படி.

போன பிப்ரவரியில் நீ கூப்பிட்டபோது நான் மறுத்தேனா, வரத்தானே செய்தேன். என் தலை அப்போது பறை அடித்தது, காதுக்குள் ஓயாமல் ரீங்காரம், உள்ளங்கையும் உள்ளங்காலும் எரிச்சல், உதடு நான் விற்கிற ஊதாச் சோளக் கஞ்சி ஆப்பியின் நிறத்துக்கு வந்திருந்தது. வாடிக்கைக்காரர்களே கேட்டார்கள், கடைக்காரம்மா, சரக்கை நீங்களே குடிச்சுத் தீர்க்கிறீங்களா என்று. நம் பகுதி ஆஸ்பத்திரியில் இருக்கும் அந்த இளம் டாக்டர் பெண் ரத்தத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, மேலே காற்று மெல்லிசாக இருப்பதால் எலும்புக்குள் இருக்கிற மஜ்ஜை சிவப்பு அணுக்களைக் கூடுதலாகச் செய்துகொண்டே இருக்கும், மற்றவர்களுக்கு ஒரு அளவோடு நின்றுவிடும், உங்களுக்கு நிற்கத் தெரியவில்லை, ரத்தம் குழம்பாகிவிட்டது, அப்படியே விட்டால் மூளையில் போய் அடைத்துக்கொள்ளும் என்றாள். எங்கள் வம்சத்தில் யாருக்குமே நிறுத்தத் தெரியாது என்று நான் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே ஒரு புட்டி ரத்தத்தை இறக்கிவிடலாமா என்று கேட்டாள், இறக்குவதாக இருந்தால் நம் வழக்கப்படி முதல் மடக்கைப் பூமித்தாய்க்கு ஊற்று என்றேன், அவளும் நம் பெண்தானே, சரி என்றாள். ஆனால் அது நிரம்பிக்கொண்டேதான் இருக்கும், கொஞ்ச காலம் கீழே போய் இருங்கள் என்றாள், நானும் வந்தேன்.

உன் வீட்டில் என்னை ராணி மாதிரிதான் வைத்திருந்தாய், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அங்கே காற்று கரண்டியால் அள்ளுகிற மாதிரி கெட்டியாக இருக்கிறது. முதல் வாரம் முழுக்கத் தூங்கினேன், நீ பயந்துபோய் விரலில் அந்த ஆக்சிஜன் அளக்கிற கிளிப்பை மாட்டி மாட்டிப் பார்த்தாய், நூறு காட்டியது. என் ஆயுசில் எதிலும் நூறு வாங்கினதில்லை நான். என் கைக்கணக்குப்படி உருளைக்கிழங்கை வேகப்போட்டால் குழைந்து கூழாகிவிடும், அங்கே தண்ணீர் அவ்வளவு கோபமாகக் கொதிக்கிறது. இங்கே சோம்பேறித்தனமாகச் சீக்கிரமே கொதித்துவிடும், சூடுதான் ஏறாது, அதனால் நாம் காத்திருந்து பழகியவர்கள். பாவம் மாப்பிள்ளை, அந்தக் கூழை சூப் என்று நினைத்து நன்றாக இருக்கிறது அத்தை என்று குடித்தார். உன் காப்பியில் நாக்கைச் சுட்டுக்கொண்டு ஒரு வாரம் எதிலும் ருசி தெரியாமல் இருந்தேன். ஆனால் நீ சொன்னது நடந்தது, ரத்தம் இளகியது, காதில் ரீங்காரம் நின்றது. பரிசோதனைத் தாளை நைரா வரைந்த பூனைக்குப் பக்கத்தில் குளிர்பெட்டியில் ஒட்டிவைத்தாய். ஒருநாள் கண்ணாடி முன்னால் என்னைத் திருப்பி நிறுத்தி, "பாத்தியாம்மா, உன் உதடு என் உதடு மாதிரி ஆயிருச்சு" என்றாய். உனக்குச் சந்தோஷம். நான் அன்றைக்கு உன்னிடம் சொல்லவில்லை. எனக்கு அந்த உதடு பிடிக்கவில்லை நில்டா. யாரோ ஒருத்தி என் பாவாடையைக் கட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது.

ஜூலைத் திருவிழாவுக்காக ஜூன் மாதமே திரும்பி வந்தேனே, அங்கேதான் மாட்டிக்கொண்டேன். கீழ்ச் சமவெளியில் இருக்கிற சாண்டா க்ரூஸிலிருந்து விமானம் ஏறினால் ஒரு மணி நேரத்தில் இங்கே கொண்டுவந்து போட்டுவிடுகிறான். இறங்கும்போது விமானப் பணிப்பெண், கீழே இருந்து வருகிறவர்கள் மெதுவாக நடக்கவும், கனம் தூக்க வேண்டாம் என்று ஒலிபெருக்கியில் சொன்னாள். எத்தனை தடவை கேட்ட அறிவிப்பு, அது வெள்ளைக்காரர்களுக்கு என்று இருந்துவிட்டேன். நான் பிறந்த மண், எனக்கென்ன. நைராவுக்குச் சின்னதாகிப்போன சட்டைகள், நீ கட்டிக்கொடுத்த ஆலிவ் எண்ணெய், இரண்டு பையையும் இரண்டு கையில் தூக்கிக்கொண்டு, சுவரைப் பிடித்து நின்ற பயணிகளையெல்லாம் தாண்டி வேகமாக நடந்தேன், அவர்களைப் பார்த்துக் கொஞ்சம் சிரிக்கவும் செய்தேன். பெட்டிகள் சுற்றி வருகிற இடத்துக்கு வந்ததும் கண் இருட்டியது. விழித்துப் பார்த்தால் ஒரு பெஞ்சில் உட்கார்த்திவைத்து முகத்தில் ஆக்சிஜன் மாட்டியிருக்கிறார்கள், இந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரப் பையன், அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரி, மூன்று பேரும் வரிசையாக முகமூடியோடு. அந்தப் பையன் எனக்குத் தைரியம் சொல்வது போல் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். போதாததற்கு நர்ஸ் பெண் எல்லோரிடமும் கேட்கிற பழக்கத்தில் குனிந்து எழுதிக்கொண்டே, "எல் ஆல்டோவுக்கு முதல் தடவையா வர்றீங்களாம்மா?" என்று கேட்டாள். நிமிர்ந்து என் மடிப்புப் பாவாடையையும் வட்டத் தொப்பியையும் பார்த்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். எனக்கு வந்த கோபத்தில் முகமூடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்த நாள் படுத்திருக்க வேண்டியதுதானே என்பாய். படுக்கவில்லை, ஒத்திகைக்குப் போனேன். மேளக்காரர்கள் வந்து நின்றபிறகு நான் எப்படிப் படுத்திருப்பது. அதற்கு மறுநாள் காலை கடையில் மாவைத் தட்டி எண்ணெயில் போடும்போது இருமல் ஆரம்பித்தது, நெஞ்சுக்குள் கொதிக்கிற சட்டி மாதிரி ஒரு சத்தம், உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் அதே டாக்டர் பெண் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு நுரையீரலில் தண்ணீர் கட்டியிருக்கிறது என்று ஆக்சிஜனில் போட்டாள். நன்றாகத் திட்டினாள். கீழே போய் மாதக்கணக்கில் இருந்தால், இனி வேண்டாம் என்று உடம்பு கூடுதல் ரத்தத்தைக் கரைத்துவிடும், நுரையீரலில் இருக்கிற குழாய்களும் தளர்ந்துவிடும், திடீரென்று மேலே வந்து ஓடியாடினால் அவை மிரண்டு இறுகிக்கொள்ளும், தண்ணீர் கசியும், இங்கேயே பிறந்தவர்களுக்கும் இது வரும் என்றாள். "உங்களுக்குத்தாம்மா இது சொந்த ஊரு, உங்க நுரையீரலுக்கு இப்ப இது புது ஊரு" என்றாள். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. நெஞ்சு வலியைத் தாங்கிக்கொண்டேன், இதைத்தான் தாங்க முடியவில்லை. ஐம்பத்தெட்டு வருடம் இந்தக் காற்றைக் குடித்தவளை நாலு மாதத்தில் மறந்துவிட்டதே இந்த உடம்பு என்று இருந்தது.

கீழே கொண்டுபோனால்தான் சீக்கிரம் சரியாகும் என்றதால் உன் ஃபௌஸ்டோ மாமா மேகப்பாகாவிலிருந்து காய்கறி வண்டியை எடுத்துக்கொண்டு வந்து, என்னைக் கீரைக் கூடைகளுக்கு நடுவில் உட்காரவைத்துப் பள்ளத்தாக்குக்கு இறக்கிக்கொண்டு போனான். வண்டி இறங்க இறங்க நெஞ்சு திறந்துகொண்டது, அதை மறைக்கமாட்டேன். அவன் வாய் சும்மா இருக்குமா. "ஏங்க்கா, ஊருக்கு வர்ற வெள்ளக்காரனுக்கெல்லாம் ஆப்பி ஊத்திக் குடுத்து, மெதுவா நட ராசா, மெதுவா நடன்னு நீதான் புத்தி சொல்லுவ. இப்ப உனக்கு யாரு ஊத்திக் குடுக்கறது?" என்றான். என்னை வெள்ளைக்காரி என்றே கூப்பிட ஆரம்பித்தான், வெள்ளைக்காரி சாப்பிட வா, வெள்ளைக்காரி வெயிலில் உட்காராதே என்று. அவன் தோட்டத்தில் லெட்டூஸ் பாத்திகளுக்கு நடுவே சில நாள் நடந்ததும் இருமல் நின்றது. அந்த நேரத்தில்தான் உனக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறான். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து, இந்த வருடம் ஆட்டம் வேண்டாம், அம்மா கீழேயே இருக்கட்டும், பிறகு நேராக வாலென்சியாவுக்கு அனுப்பிவிடலாம் என்று முடிவு கட்டிவிட்டீர்கள். என்னை ஒருத்தர் கேட்டீர்களா.

நான் டாக்டர் பெண்ணைப் போனில் கேட்டேன். மேலே வரவே கூடாதா என்றேன். வரலாம், மெதுவாக வரவேண்டும், ஒவ்வொரு உயரத்திலும் தங்கித் தூங்கி உடம்பு பழகினபிறகு அடுத்த உயரத்துக்கு ஏறவேண்டும், இருமல் வந்தால் அப்போதே இறங்கிவிட வேண்டும் என்றாள். பனிமலை ஏற வருகிறவர்கள் அப்படித்தானே கூடாரம் கூடாரமாக ஏறுகிறார்கள். சரி, அவர்கள் இல்லிமானி சிகரத்துக்கு ஏறுகிறார்கள், நான் என் வீட்டுக்கு ஏறுகிறேன் என்று கிளம்பிவிட்டேன். பள்ளத்தாக்கில் இருமல் முழுக்க நிற்கிற வரைக்கும் இருந்தேன். பிறகு பாதி உயரத்தில் ஓப்ராஹெஸ் பகுதியில் ஒரு சின்ன அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கினேன், சமையல் செய்ய ஒரு மூலை, படுக்க ஒரு மூலை, போதாதா. அங்கிருந்து தினமும் ரோப்காரில் ஏறுவேன், முதலில் ஒரு நிலையம், பிறகு அடுத்தது என்று. இறங்கி பெஞ்சில் உட்காருவேன், மூச்சு அடங்கினதும் எழுந்து நின்று நாலு அடி ஆட்டத்தைப் போட்டுப் பார்ப்பேன், பிறகு இறங்கி வந்துவிடுவேன். போகிற வருகிறவர்கள் பைத்தியமோ என்று பார்த்தார்கள், பார்த்துவிட்டுப் போகட்டும். மஞ்சள் ரோப்கார் தடத்தில் வேலை செய்கிற பையன் மூன்றாவது நாளும் என்னைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து, "யாருக்காகம்மா தினம் காத்துக்கிட்டு இருக்கீங்க?" என்று கேட்டான். "என் உடம்பு பின்னாடி வந்துக்கிட்டு இருக்குப்பா, அது வந்து சேரட்டும்னு உக்காந்திருக்கேன்" என்றேன். அவன் குளிருக்குக் கதவைச் சாத்திவிட்டுப் போனான்.

திருவிழாவுக்கு முந்தின வாரம் நம் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். கதவைத் திறந்து என் கட்டிலில் உட்கார்ந்தபோது, ஏதோ சிகரத்தில் கொடி நட்டவள் மாதிரி இருந்தது எனக்கு. ஆனால் உன் ஞானத்தாய் இருக்கிறாளே, அவள்தான் நம் ஆட்டக் கூட்டத்துக்குத் தலைவி, உனக்குத் தெரிந்ததுதான், அவள் என் இடத்தில் வேறு ஒருத்தியை நிறுத்திவைத்திருந்தாள். எனக்கு என்ன ஏற்பாடு தெரியுமா, ஆட்டத்துக்கு முன்னால் வெள்ளித் தட்டும் வெள்ளிக் கரண்டியும் கட்டி அலங்காரம் பண்ணிப் போகிற காரில் உட்கார்ந்து வருவது. நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். "மாதா என்ன கண்ணு தெரியாதவளா எமெத்தேரியா? கார்ல வந்தாலும் நீ வந்த கணக்குதான்" என்றாள். "கால்ல வர்றேன்னுதான் நேர்ந்துக்கிட்டேன், கார்ல வர்றேன்னு நேர்ந்துக்கலை" என்றேன். "நடுவுல விழுந்தா?" என்றாள். "விழுந்தா கரண்டியோட கரண்டியா என்னையும் கார்ல கட்டிக்கோ, அதுவரைக்கும் என் இடத்தை விடு" என்றேன். முப்பது வருடச் சிநேகிதி, என் குணம் தெரியும், முணுமுணுத்துக்கொண்டே போய் அந்தப் பெண்ணைப் பின் வரிசைக்கு அனுப்பினாள்.

ஆட்டத்தைப் பற்றி உனக்குச் சொல்ல என்ன இருக்கிறது, நீயும் சின்ன வயதில் ஆடினவள்தானே. நல்ல வெயில், நிழலில் மட்டும் பனி உருகவில்லை. ஊதா மடிப்புப் பாவாடை, தங்க நிறச் சால்வை, கையில் சுழற்றுகிற மரக் கிலுகிலுப்பை, பின்னால் மேளக்காரர்கள் பித்தளை ஊதல்களோடு முதுகில் இடிக்கிற மாதிரி வாசிக்கிறார்கள். போன வருடம் குழம்பான ரத்தத்தோடு ஆடினேன், மூச்சு இருந்தது, தலைதான் வெடித்தது, வழியெல்லாம் எதிரில் இருந்த முகங்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. இந்த வருடம் தலை தெளிவு, ஒவ்வொரு முகமும் ஒன்றாகவே தெரிந்தது, மூச்சுதான் பாதி வழியிலேயே பற்றவில்லை. உன்னிடம் பொய் சொல்லப்போவதில்லை, கஷ்டப்பட்டேன். கோயிலுக்கு முன்னால் அந்தத் திருப்பத்தில் மேடு ஏறுமே, அங்கே நின்றுவிட்டேன் என்றே வைத்துக்கொள். நெஞ்சு அடித்தது, கால் எழவில்லை, வாய் வறண்டுபோயிற்று. கசிமிரா வரிசைக்கு முன்னாலிருந்து திரும்பிப் பார்த்தாள், கூட்டத்தில் மாட்டிக்கொண்டு நின்ற காரைக் காட்டிக் கையசைத்தாள். நான் கிலுகிலுப்பையை அவள் முகத்துக்கு நேரே நீட்டிக் கரகரவென்று சுழற்றினேன், அதுதான் என் பதில். பிறகு நிலையத்துப் பெஞ்சில் பழகினதைச் செய்தேன். அடியைப் பாதியாகக் குறைத்தேன், ஒரு அடிக்கு இரண்டு மூச்சு. வரிசை கோணலாகக் கூடாதே என்று என் இரண்டு பக்கமும் இருந்தவர்கள் தங்கள் அடியைக் குறைத்தார்கள், அவர்களைப் பார்த்து அடுத்தவர்கள், கடைசியில் எங்கள் வரிசை மொத்தமும் ஆமை மாதிரி ஏறியது. பின்னால் வந்தவர்கள், என்னம்மா முன்னாடி எல்லாம் தூங்கறீங்களா என்று கத்தினார்கள். மேளக்காரர்களே தாளத்தைத் தளர்த்திவிட்டார்கள். எங்கள் வரிசைப் பெண்கள் ஒருத்தியும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, பாவம் என்று ஒரு பார்வைகூட இல்லை. அதற்காகவே அவர்களுக்கு ஆளுக்கு ஒரு பீர் வாங்கிக்கொடுத்தேன்.

கோயில் வாசலில் மண்டி போட்டபோது மூன்று வருடமும் தீர்ந்தது. நைராவின் பெயரைச் சொன்னேன், நன்றி சொன்னேன், கணக்கு நேர் என்றேன். அழுதேன், கசிமிராவும் அழுதாள், அழுதுகொண்டே என்னைத் திட்டினாள்.

இனி உன் பயத்துக்கு வருகிறேன், அது வீண் பயம் என்று சொல்லமாட்டேன். போன வாரம் டாக்டர் பெண் ரத்தத்தைப் பார்த்தாள், இப்போதைக்கு நல்ல அளவில் இருக்கிறது, ஆனால் மேலேயே இருந்தால் மாதங்கள் போகப் போக மறுபடியும் குழம்பாகும், அது உங்கள் உடம்பின் வாகு என்றாள். அதற்கு அவளே ஒரு வழியும் சொன்னாள். தூங்கும்போதுதான் மூச்சு ரொம்பக் குறைகிறதாம், மஜ்ஜை அப்போதுதான் பதறி அதிகமாகச் செய்கிறதாம், தூங்குகிற இடமாவது கீழே இருக்கட்டும், மாதத்துக்கு ஒரு தடவை வந்து ரத்தத்தைக் காட்டுங்கள் என்றாள். அதனால் அந்த ஓப்ராஹெஸ் அறையை நான் விடவில்லை. விடிந்ததும் ரோப்காரில் ஏறி வந்து கடையைத் திறக்கிறேன், சாயங்காலம் இறங்கிப்போய் அங்கே தூங்குகிறேன். காலையில் எல் ஆல்டோ ஊரே வேலைக்காகக் கீழே இறங்குகிறது, எதிரில் வருகிற பெட்டிகளில் ஆட்கள் அடைந்து நிற்கிறார்கள், நான் ஒருத்தி மட்டும் காலிப் பெட்டியில் கால் நீட்டி உட்கார்ந்து மேலே போகிறேன். கையசைத்துக்கொண்டே போவேன், சிலர் திரும்பக் கையசைப்பார்கள். இது போதுமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. ரத்தம் ஏறினால் அப்போது இன்னும் கொஞ்சம் இறங்குவேன். ஆனால் கடல் வரைக்கும் இறங்கமாட்டேன், நில்டா. அங்கே எனக்கு நூறு இருந்தது, செய்வதற்கு ஒன்றும் இல்லை. இங்கே விரல் கிளிப் எண்பத்தைந்துதான் காட்டுகிறது, அதை வைத்துக்கொண்டுதான் உன்னைப் பெற்றேன், வளர்த்தேன், படிக்கவைத்தேன், விமானம் ஏற்றினேன்.

உன்னிடமும் ஒன்று கேட்கவேண்டும், கோபப்படாதே. நீ போய்ப் பத்து வருடமாகிறது. ஒரு தடவைகூட ஏறி வரவில்லை. முதலில் அங்கே தங்குவதற்குப் பேப்பர் இல்லை என்றாய், பிறகு பணம் இல்லை என்றாய், இப்போது குழந்தையின் நுரையீரலுக்கு இந்த உயரம் ஆகாது என்கிறாய். உன் உடம்பும் மறந்துபோயிருக்கும், எனக்கு நாலு மாதத்தில் மறந்ததே. ஆனால் மறந்ததை அது திரும்பப் படிக்கும், பெஞ்சில் உட்கார்ந்து காத்திருக்க மட்டும் மனசு வேண்டும். அவசரப்பட்டால்தான் தண்டிக்கும், அதை நான் பட்டுச் சொல்கிறேன். அதனால் என் பெயரில் வாங்கின அந்தச் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உனக்கும் நைராவுக்கும் வாங்கு, போக மட்டும் இல்லை, வரவும் போகவும் வாங்கு, நான் உன்னைப் போல் ஆளைப் பிடித்துவைக்கமாட்டேன். முதலில் நைராவின் டாக்டரிடம் கேள். அவர் சரி என்றால் சாண்டா க்ரூஸில் தங்கு, பிறகு நடு உயரத்தில் இருக்கிற கோச்சபாம்பாவில் தங்கு, பிறகு மாமா வீட்டுக்கு வா. அங்கே லெட்டூஸ் பாத்தியில் நான் நிற்பேன். மேலே எல் ஆல்டோவுக்கு வா என்று நான் கேட்கவில்லை, இந்தத் தடவை கேட்கவில்லை. டாக்டர் அதுகூட வேண்டாம் என்றால் கோச்சபாம்பாவோடு நில், அங்கே நான் வந்துவிடுகிறேன். நான் பாதி இறங்குகிறேன், நீ பாதி ஏறு. என்னை முழுக்க இறக்கிவிடலாம் என்ற நினைப்பை மட்டும் விட்டுவிடு.

கடைசியாக ஒன்று, இதை கசிமிரா உனக்குச் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். கோயில் வாசலில் கணக்கைத் தீர்த்துவிட்டு நான் எழுந்திருக்கவில்லை. கால் வலித்தது என்று, கசிமிராவைத் தவிர, எல்லோரும் நினைத்தார்கள். மறுபடியும் மூன்று வருடம் நேர்ந்துகொண்டேன். இந்தத் தடவை உனக்காக இல்லை, குழந்தைக்காகவும் இல்லை. எனக்கு மூன்று வருடம் மூச்சு கொடு, இந்த ஊர்க் காற்றில் கொடு, நான் ஆடிக் காட்டுகிறேன் என்று எனக்காகக் கேட்டேன். என் வாழ்க்கையில் எனக்காக நான் அவளிடம் கேட்டது இதுதான் முதல் தடவை. இனி அந்த நேர்த்தியை உடைக்க வேண்டுமென்றால் நீ மாதாவிடம் கேட்டுக்கொள், என்னிடம் கேட்காதே.

நீயும் உன் வீடும் செழித்திருக்க வேண்டும், என் பேத்தி நெஞ்சு நிறைய மூச்சுவிட்டு ஓடி விளையாட வேண்டும், மாப்பிள்ளை பல்லோடு இருக்க வேண்டும், சுன்யோவை ராத்திரியே ஊறப்போடு என்று மறுபடியும் சொல்கிறேன். குளிர்பெட்டியில் ஒட்டின என் பரிசோதனைத் தாளைக் கிழித்துப்போட்டுவிட்டு, இத்துடன் வைத்திருக்கும் படத்தை அங்கே ஒட்டு, மேட்டுத் திருப்பத்தில் எடுத்தது. என் உதடு ஊதாவாகத்தான் இருக்கிறது, அதன் மேல் இருக்கிற சிரிப்பையும் பார்.

இப்படிக்கு,
இன்னும் மூன்று வருடம் எங்கேயும் நகராத உன் அம்மா,
எமெத்தேரியா சோக்கே.